சொந்த மனை, ஊர்த் தண்ணீர்: தனியார் படகுத்துறைகள் பற்றி ஓர் அறிமுகம்

அமெரிக்காவின் தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களில் கடலோரமாக வீடு தேடுகிறவர்கள், படுக்கையறை எத்தனை என்று கேட்பதற்கு முன்பே தரகரிடம் கேட்பது இதுதான்: "டாக் (படகுத்துறை) இருக்கிறதா? இல்லையென்றால் போட்டுக்கொள்ள முடியுமா?" வீட்டின் கொல்லைப்புறத்திலிருந்து ஒரு மரப்பாலம் கிளம்பும். தூரத்திலிருந்து பார்த்தால் புல்வெளி மாதிரித் தெரியும் சதுப்பின் மேல் இருநூறு, முந்நூறு அடி போய்க் கழியில் (கடல்நீர் உள்ளே வந்துபோகும் ஓடையில்) முடியும். முனையில் ஒரு படகு கட்டியிருக்கும். இந்த ஒரு அமைப்பு வீட்டின் விலையை நன்றாகவே ஏற்றிவிடும்.

ஆனால் கரையை விட்டு இறங்கிய பிறகு அந்தப் பாலம் நிற்பது பெரும்பாலும் வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லாத இடத்தில். பத்திரத்தில் அவர் பெயர் இருப்பது கரையோடு சரி. சதுப்பும் கழியின் அடிமண்ணும் மாநில அரசின் கையில் இருக்கின்றன. அரசும் அதற்கு முதலாளி இல்லை. மக்கள் எல்லாருக்காகவும் வைத்துக் காக்க வேண்டிய பொறுப்பாளி. கல்யாண வீட்டுக்காரர் தெருவில் பந்தல் போடுகிற மாதிரிதான் இது. பந்தல் அவருடையது, தெரு ஊருடையது. தனியார் படகுத்துறைகளை நிர்வகிப்பது என்று சொல்வதெல்லாம் இந்த நிலைமையிலிருந்து கிளம்பும் சிக்கல்களைத் தீர்க்கும் வேலைதான்.

எப்படிக் கட்டுகிறார்கள்?

சட்டத்துக்குள் போவதற்கு முன் அமைப்பைப் பார்த்துவிடலாம். கரையிலிருந்து வரும் நடைபாலம் தூண்கள் மேல் நிற்கும். அது முடியும் இடத்தில் கொஞ்சம் அகலமான ஒரு மேடை. வசதி உள்ளவர்கள் அதற்குக் கூரையும் போடுவார்கள். மேடையிலிருந்து சாய்வாக ஒரு சிறு பாலம் இறங்கும். அதன் கீழ் முனை ஒரு மிதவையின் மேல் உட்கார்ந்திருக்கும். படகைக் கட்டுவது அந்த மிதவையில்.

மிதவை எதற்கு? ஜார்ஜியாவில் சவானா ஆறு கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே சராசரியாக 7 அடி வித்தியாசம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் கூடும். அசையாத மேடையில் படகைக் கட்டினால், காலையில் கைக்கு எட்டிய படகு மதியத்தில் ஆள் உயரத்துக்கும் கீழே கிடக்கும். மிதவை தண்ணீரோடு ஏறி இறங்கும். நடுவில் உள்ள பாலத்தின் சாய்வு மட்டும் மாறும். தமிழ்நாட்டுக் கரையில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டருக்குள்தான் பெரும்பாலும் அடங்கிவிடும். அதனால் நமக்கு இந்த ஏற்பாடு கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றலாம்.

அப்புறம் சேறு. தென் கரோலினாக்காரர்கள் 'ப்ளஃப் மட்' என்று சொல்லும் கரும்பழுப்புச் சேறு அது. கால் வைத்தால் முழங்காலுக்கு மேல் இழுத்துக்கொள்ளும். வற்றத்தின்போது அழுகிய முட்டை வாடை வரும். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதுதான் ஊர் வாசனை. அதில் நடந்து போய்ப் படகேற முடியாது என்பதால்தான் இவ்வளவு நீளப் பாலம் தேவைப்படுகிறது. தூணை அடித்து இறக்குவதும் உண்டு. பம்பு வைத்துத் தூணின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி, சேறு இளகியதும் தூணைத் தன் எடையாலேயே இறங்க விடுவதும் உண்டு.

தூண்கள் பெரும்பாலும் பைன் மரம். வெறும் பைன் மரத்தைக் கடலில் நட்டால் தாங்காது. கப்பல் புழு தின்றுவிடும். பேர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். குஞ்சாக இருக்கும்போது மரத்தில் மிகச் சிறிய துளையிட்டு நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, மரத்தைக் குடைந்துகொண்டே போகும். வெளியிலிருந்து தூண் முழுசாகத் தெரியும். உள்ளே சல்லடையாக இருக்கும். இதற்காகத்தான் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்தை அழுத்தம் கொடுத்து மரத்தில் ஏற்றுகிறார்கள். ஆர்செனிக் பயத்தால் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டுத் தாழ்வாரம், விளையாட்டுச் சாமான் போன்றவற்றுக்கான மரத்தில் இந்த மருந்தைப் பயன்படுத்துவது கைவிடப்பட்டது. கடலில் நிற்கும் தூண்கள் போன்றவற்றுக்கு இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

கோடு எங்கே இருக்கிறது?

'கரையோடு சரி' என்று மேலே சொன்னேன். ஆனால் கரை எது? தண்ணீர் ஒரு நாளைக்கு நான்கு முறை இடம் மாறுகிறது. சர்வேயர் எந்த நேரத்துத் தண்ணீரைக் கோடாக எடுத்துக்கொள்வார்?

இதற்கு 'சராசரி உயர் ஓதக் கோடு' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஏற்றத்தின் உயரத்தையும் 19 ஆண்டுகளுக்குக் குறித்துவைத்து, அதன் சராசரியை எடுப்பார்கள். அந்த உயரம் கரையை எங்கே தொடுகிறதோ அதுதான் கோடு. 19 என்ற எண் ஏன் என்றால், சந்திரனுடைய பாதையின் சாய்வு ஒரு சுற்று முடிக்க 18.6 ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சுற்று முழுவதும் கணக்கில் வந்தால்தான் சராசரி ஒரு பக்கமாகச் சாயாது. அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1935இல் லாஸ் ஏஞ்சலஸ் துறைமுக நிலம் பற்றிய வழக்கில் இந்த முறையை ஏற்றுக்கொண்டது. ஒருவருடைய கொல்லை எங்கே முடிகிறது என்பதைச் சந்திரனை வைத்துத் தீர்மானிப்பது எனக்குப் பிடித்த விஷயம். பத்திர ஆபீசில் பஞ்சாங்கம் நுழைந்த இடம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

பெரும்பாலான கடலோர மாநிலங்களில் இந்தக் கோட்டுக்கு மேலே தனியார் நிலம், கீழே அரசின் பொறுப்பு. கடலும் கடற்கரையும் யாருக்கும் தனியாகச் சொந்தமாகாது என்ற எண்ணம் ரோமானியச் சட்டத்திலேயே இருக்கிறது. இங்கிலாந்து வழியாக அமெரிக்காவுக்குப் போனது. அதற்குப் பல் முளைத்தது 1892இல். 1869இல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றம், சிகாகோவை ஒட்டிய மிச்சிகன் ஏரியின் அடிநிலத்தில் ஆயிரம் ஏக்கருக்கும் மேலாக ஒரு ரயில்வே கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்தது. நான்கே ஆண்டில் மனம் மாறி ரத்து செய்தது. பிறகு மாநில அரசு வழக்குப் போட்டது. மக்களுக்காகப் பிடித்து வைத்திருக்கும் நீர்நிலத்தை அப்படி மொத்தமாகக் கைமாற்ற அரசுக்கே அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. தென் கரோலினாவில் சில குடும்பங்கள், குடியேற்றக் காலத்தில் இங்கிலாந்து மன்னர் பெயரில் எழுதிக்கொடுத்த பட்டயத்தைக் காட்டிச் சதுப்பும் எங்களுடையதே என்கின்றன. பட்டயத்தில் தாழ் ஓதக் கோடு வரை என்று தெளிவாக எழுதியிருந்தால் நீதிமன்றம் ஒத்துக்கொள்ளும்; இல்லாவிட்டால் அரசுடையது என்றே வைத்துக்கொள்ளும்.

வடக்கே மாசச்சூசெட்ஸில் கதையே வேறு. 1640களில் அந்தக் குடியேற்றத்துக்குத் துறைகள் அவசரமாகத் தேவைப்பட்டன; கட்டக் கையில் காசில்லை. 'நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்' என்று தாழ் ஓதக் கோடு வரையுள்ள நிலத்தைக் கரைக்காரர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். மீன் பிடிக்கவும், நீர்ப்பறவை வேட்டையாடவும், படகோட்டவும் மட்டும் பொதுமக்களுக்கு உரிமை வைத்தார்கள். அந்த ஏற்பாடு இன்றும் செல்லும். அதனால் அங்கே ஒருவர் தனியார் கரையில், ஈரமணலில், சும்மா நடந்தால் அத்துமீறல். கையில் தூண்டிலோடு நடந்தால் உரிமை. உள்ளூர்க்காரர்கள் இதை வைத்துப் பண்ணாத கேலி இல்லை. அங்கே கட்டும் துறைகள் கரையோரம் நடப்பவரை மறிக்கக் கூடாது என்பதற்காக, பாலத்தின் அடியில் குனியாமல் போக இடம் விடவோ, ஏறி இறங்கப் படி வைக்கவோ சொல்கிறார்கள்.

யாரிடம் அனுமதி?

மறுபடி தெற்கே வருவோம். ஜார்ஜியா 1970இல் சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. தென் கரோலினாவின் சட்டம் 1977இல் வந்தது. கடலோர மாவட்டங்கள் எட்டுக்கும் பொருந்தும். இவற்றுக்கு மேல் மத்திய அரசின் 1899ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. படகு போகக்கூடிய நீரில் எதைக் கட்டுவதானாலும் ராணுவத்தின் பொறியாளர் பிரிவிடம் அனுமதி வாங்க வேண்டும். கொல்லைப்புறத்து மிதவைக்கு ராணுவம் எதற்கு என்று தோன்றும். அந்த நாட்டின் ஆறுகளையும் துறைமுகங்களையும் ஆழப்படுத்திப் பராமரிக்கும் வேலை 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அவர்கள் கையில், அதனால்.

ஜார்ஜியாவில் வீட்டு உபயோகத் துறைக்குக் கொடுப்பது, அரசு நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் உரிமம் மட்டுமே. தென் கரோலினாவிலும் விண்ணப்பம், வரைபடம், பக்கத்து மனைக்காரர்களுக்கும் பொதுமக்களுக்கும் அறிவிப்பு, ஆட்சேபணை கேட்பது என்று ஒரு வரிசை இருக்கிறது.

விதிகளைப் பார்த்தால் வெறும் எண்களாகத் தெரியும். தென் கரோலினாவில் நடைபாலம் 4 அடிக்கு மேல் அகலம் கூடாது. சராசரி உயர் ஓதத்துக்குக் குறைந்தது 3 அடி மேலே நிற்க வேண்டும். சதுப்பின் மேல் 1,000 அடியைத் தாண்டி நீளக் கூடாது. 1990களின் தொடக்கத்துக்குப் பிறகு பிரித்த மனையானால் சதுப்பை ஒட்டி 75 அடி முகப்பாவது இருக்க வேண்டும். அதைவிடக் குறுகியது, ஆனால் 50 அடியாவது இருக்கிறது என்றால், பக்கத்து வீட்டோடு சேர்ந்து ஒரே துறையாகப் போட்டுக்கொள்ளலாம். மனையின் பக்கக் கோட்டைத் தண்ணீர் வரை நீட்டிப் பார்த்து, அதிலிருந்து 20 அடி தள்ளியே கட்ட வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் அக்கம்பக்கத்துச் சண்டைகளுக்குத் தாய்வீடு. கரை நேராக இருந்தால் கோடுகள் இணையாகப் போகும், பிரச்சினை இல்லை. கழி வளைந்தால்? வளைவின் உள்பக்கம் இருக்கும் வீடுகளின் கோடுகளை நீட்டினால் அவை ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். ஐந்து வீட்டுக்காரர்கள் ஒரே இடத்தில் மிதவை போட நிற்பார்கள். முதலில் கட்டியவர் ஆழமான இடத்தைப் பிடித்துக்கொள்வார். அடுத்தவருக்கு வற்றத்தின்போது சேறுதான் மிஞ்சும். புதிதாக மனை பிரித்து விற்கும் நிறுவனத்திடம், எந்த மனைக்கு எங்கே துறை, எந்த மனைக்குத் துறையே கிடையாது என்று முதலிலேயே மொத்தப் படம் கேட்பது இதனால்தான். என்னைக் கேட்டால் மற்ற எல்லா விதிகளையும்விட இது ஒன்று உபயோகமானது. மனையை விற்பதற்கு முன் சொல்லிவிட்டால் யாரும் ஏமாறமாட்டார்கள். விற்ற பிறகு 'இல்லை' என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் மனசு வராது.

நிழலின் கணக்கு

4 அடி அகலம் எங்கிருந்து வந்தது? நிழலிலிருந்து.

சதுப்பில் வளர்வது ஸ்பார்ட்டினா என்ற புல். உப்புத் தண்ணீரில் தினம் இரண்டு முறை முங்கி எழுந்தும் சாகாத செடிகள் கொஞ்சம்தான். இது அதில் ஒன்று. இறால், நீல நண்டு, மீன்குஞ்சுகள் எல்லாம் ஏற்றத்தின்போது இந்தப் புல்லுக்குள் வந்து ஒளிந்து வளர்கின்றன. புல் மக்கிய பிறகு அதுவே அவற்றின் உணவுக்கு அடித்தளம். வேர்கள் சேற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. புயல் அலையின் வேகத்தையும் இது மட்டுப்படுத்தும்.

இந்தப் புல்லுக்கு வெயில் வேண்டும். பாலம் மேலே வந்துவிட்டால் அடியில் தண்டுகள் குறைந்துவிடுகின்றன. இரு மாநிலங்களிலும் ஆய்வாளர்கள் பாலத்துக்கு அடியிலும் அதை அடுத்தும் தண்டுகளை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அடியில் அடர்த்தி பாதிக்கும் கீழே போயிருந்தது. பாலம் எவ்வளவு அகலமோ, எவ்வளவு தாழ்வோ, அவ்வளவு சேதம். உயர்த்திக் கட்டினால் பக்கவாட்டு வெயில் உள்ளே வரும்.

திசைக்கும் இதில் பங்கு உண்டு. வடக்கு தெற்காகப் போகும் பாலத்தின் நிழல் காலையில் மேற்கே விழும், மாலையில் கிழக்கே விழும். ஒரே புல் நாள் முழுக்க இருட்டில் கிடக்காது. கிழக்கு மேற்காகப் போகும் பாலத்தின் நிழல் அவ்வளவு நகராது. பெரும்பகுதி நேரம் ஒரே பட்டையில் விழும். ஃபுளோரிடாவில் கடற்புல் உள்ள இடங்களுக்கென்று எழுதிய வழிகாட்டுதலில் இதைச் சேர்த்திருக்கிறார்கள்: முடிந்தவரை வடக்கு தெற்கு, உயர் ஓதத்துக்கு 5 அடி மேலே, பலகைகளுக்கு நடுவே அரை அங்குல இடைவெளி. பலகைக்குப் பதிலாக ஓட்டை ஓட்டையான கண்ணாடியிழைத் தட்டு போட்டால், அதன் பரப்பில் 43 சதவீதமாவது திறந்திருக்க வேண்டும். கடலோர வீட்டுக்காரருக்கு அவர் கழி எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசைதான். அதை மாற்ற முடியாது. பலகையின் இடைவெளியை மாற்றலாம்.

சரி, 4 அடி அகலம், 300 அடி நீளம் என்றால் 1,200 சதுர அடி நிழல். லட்சக்கணக்கான ஏக்கர் சதுப்பில் இது ஒரு பொருட்டா? தனியாக எடுத்தால் இல்லைதான். விண்ணப்பம் கொடுப்பவர் ஒவ்வொருவரும் இதைத்தான் சொல்வார், ஒவ்வொருவரும் சொல்வது உண்மையும்கூட. சிக்கல் என்னவென்றால், அடுத்த மேசையில் இன்னொரு விண்ணப்பம் இருக்கிறது. அதுவும் அதே அளவு சின்னதுதான். ஒரு கழியில் முப்பது வீடு, முப்பது பாலம், முப்பது மிதவை, வற்றத்தில் சேற்றில் உட்கார்ந்து அடியில் உள்ளதை நசுக்கும் முப்பது இடம், படகு எழுப்பும் அலையில் கரையும் கழியின் ஓரம். எந்த ஒரு துறையையும் காட்டி 'கெடுத்தது இதுதான்' என்று சொல்ல முடியாது. அதனாலேயே எதையும் மறுக்கவும் முடிவதில்லை.

கண்ணுக்குத் தெரியும் இழப்பு இன்னொன்று. சின்னக் கழிகளில் வலை வீசியவர்களும் துடுப்புப் படகுக்காரர்களும் தூண்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து போக வேண்டியிருக்கிறது. தண்ணீர் இன்னும் பொதுவானதுதான். பாலம் தனியாருடையது, அதில் ஏறி உட்கார வெளியாளுக்கு உரிமையில்லை. அடியில் ஓடும் நீரில் படகு விட யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் இரண்டு பக்கமும் வரிசையாகத் துறைகள் வந்துவிட்ட கழியில் நுழையும் வெளியாள், யாரோ வீட்டு முற்றத்தில் கால் வைத்தது மாதிரிக் கூசுவார். ஃபுளோரிடாவில் நீரின் அகலத்தில் கால் பங்குக்கு மேல் துறை நீளக் கூடாது என்று விதி வைத்திருப்பது, நடுவில் வழி மிஞ்சட்டும் என்றுதான். கூச்சத்துக்கு விதி போட முடியாது.

நம் பக்கம்

இந்தியாவில் தனி வீட்டுக்காரர் கடலில் தூண் நட்டுக்கொள்ளும் பழக்கமே இல்லை. 1991இல் வந்து 2011, 2019 ஆண்டுகளில் திருத்தி எழுதப்பட்ட கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகள், கரையைப் பல வகைகளாகப் பிரித்துக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகின்றன. இலங்கையில் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி, கரையிலிருந்து உள்ளே 300 மீட்டர், கடலுக்குள் 2 கிலோமீட்டர் வரை எது கட்டினாலும் அனுமதி தேவை. ஆனால் அந்த 1892 சிகாகோத் தீர்ப்பு இங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது. இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றின் போக்கைத் திருப்பிய ஒரு தங்கும் விடுதி பற்றிய வழக்கில், 1996 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம் அமெரிக்கத் தீர்ப்புகளை எடுத்துக் காட்டி, ஆறு, கடற்கரை, காடு எல்லாம் அரசிடம் நம்பிக்கையாக ஒப்படைக்கப்பட்டவை, அதை அரசு தனியாருக்குத் தாரை வார்க்க முடியாது என்று சொன்னது. நீர்நிலை வழக்குகளில் இன்று வழக்கறிஞர்கள் தவறாமல் காட்டும் தீர்ப்பு அது.

வாங்குவதற்கு முன்

துறையோடு வீடு வாங்குகிறவர் பார்க்க வேண்டியது மரத்தின் பளபளப்பை அல்ல. அனுமதிக் காகிதம் இருக்கிறதா, அதில் உள்ள வரைபடமும் கட்டியிருப்பதும் ஒன்றுதானா, உரிமம் புதிய பெயருக்கு மாறுமா என்று முதலில் கேட்க வேண்டும். பழைய ஆள் அனுமதி இல்லாமல் ஒட்டிய கூடுதல் மிதவைக்குப் புதிய ஆள் பதில் சொல்ல நேரிடும். அடுத்தது, வற்றத்தின்போது போய்ப் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் எடுத்த புகைப்படத்தில் எல்லாத் துறையும் ஆழமான நீரில் நிற்கும். வற்றத்தில்தான் மிதவை சேற்றில் கிடப்பதும், தூணில் சிப்பி ஏறியிருக்கும் உயரமும், அதற்குக் கீழே மரம் இளைத்திருப்பதும் தெரியும்.

மூன்றாவது விஷயம் காகிதத்தில் இருக்காது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் 1921 முதல் கடல் மட்டத்தை அளந்து வருகிறார்கள். நூறு ஆண்டில் ஏறக்குறைய ஓர் அடி உயர்ந்திருக்கிறது. சராசரி ஏறினால் கோடும் ஏறும். இப்போது அங்கே புழக்கத்தில் உள்ள கணக்கு 1983 முதல் 2001 வரையிலான 19 ஆண்டுகளுடையது. 2002 முதல் 2020 வரையிலான ஆண்டுகளை வைத்துப் புதிய கணக்கு தயாராகி வருகிறது. அன்று 3 அடி மேலே கட்டிய பாலம் புதிய கணக்கில் 3 அடி மேலே இருக்காது.

கோடு நகர்ந்தால் நிலமும் கைமாறும். வடக்கு மர்ட்டில் பீச்சில் ஒருவர் 1960களின் தொடக்கத்தில் இரண்டு மனை வாங்கி அப்படியே போட்டு வைத்திருந்தார். 1990களில் தடுப்புச் சுவர் கட்டி மண் நிரப்ப அனுமதி கேட்டபோது, மனைகளில் பெரும்பகுதி ஓதம் ஏறி இறங்கும் சதுப்பாகிவிட்டிருந்தது. அனுமதி மறுக்கப்பட்டது. இழப்பீடு கேட்டு அவர் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பினார். 2003இல் தென் கரோலினாவின் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது: சதுப்பானதும் அது மக்களுக்காக அரசு வைத்திருக்கும் நிலமாகிவிட்டது, தன்னிடம் இல்லாத உரிமைக்கு யாரும் இழப்பீடு கேட்க முடியாது.